மூன்றரை மணி ஜாப்

கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து கிழக்கே பிரியும் தடத்தில் செங்கோட்டையனின் நார்த்தூள் கம்பெனி இருக்கிறது. சுற்றுவட்டார மஞ்சி மில்களில் தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்தது போக விழும் தூளை வாங்கி, கழுவி, களத்தில் காயப்போட்டு, கட்டியாக அழுத்தி, கண்டெய்னரில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வியாபாரம் பெருகியதும் கணக்குக்குப் பெரிய சாப்ட்வேர் ஒன்றை வாங்கினார்கள். அதைப் பொருத்திக் கொடுத்தது கணபதியில் உள்ள ஒரு சிறிய நிறுவனம். அங்கே சப்போர்ட் வேலை பார்க்கும் ஹர்ஷிணியைத்தான், இந்தப் பிரச்சினை வந்ததும், நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

பிரச்சினை கேட்பதற்குச் சின்னது. லாரியில் வரும் ஒவ்வொரு லோடுக்கும் ஆபீசில் ஒரு ரசீது எழுதுவார்கள். அன்றைய ரசீதுகளை எல்லாம் மத்தியானம் மூன்றரை மணிக்கு சாப்ட்வேர் தானாகவே திரட்டி, இருப்பிலும் கணக்கிலும் ஏற்றிவிடும். யாரும் எந்தப் பட்டனையும் அமுக்க வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் ஓடும் இந்த மாதிரி வேலைக்கு அவர்கள் வழக்கத்தில் ஜாப் என்று பேர். மற்ற இடங்களில் இதை ராத்திரியில் ஓடவிடுவார்கள். இங்கே ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து மெஷின் எரிந்துபோனதால், ஆபீஸ் பூட்டும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்பது செங்கோட்டையனின் உத்தரவு. அதனால் மத்தியானம்.

கொஞ்ச நாளாக அந்த ஜாப் சில நாட்களில் நின்றுபோனது. நின்றால் இருப்பு குறைவாகக் காட்டும். இருப்பு இல்லாத சரக்குக்கு மறுநாள் காலையில் பில் போட முடியாது. பில் இல்லாமல் கண்டெய்னர் கேட்டைத் தாண்டாது. சரக்கு ஏற்றிய வண்டி வெயிலில் நிற்கும், டிரைவர் சத்தம் போடுவார், கொச்சித் துறைமுகத்திலிருந்து போன் வரும்.

"ரிமோட்ல பார்த்தாச்சு, ஒன்னும் பிடிபடலை. நேர்ல போயிட்டு வந்துருங்க, ஹர்ஷிணி" என்றான் வம்சி. நிறுவனத்தைத் தொடங்கியவன் அவன்தான். "அடுத்த மாசம் அவங்க வருஷ கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க."

ஹர்ஷிணிக்கு வெளியூர் போவது பிடிக்காது. போகிற இடத்தில் ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்வதும் பிடிக்காது. எர்ரர் என்ன சொல்கிறது என்று பார்ப்பாள், சரிசெய்வாள், சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பாள். இந்த எர்ரர் சொன்னது ஒரே வரி: பதிவு வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது, வேலை நிறுத்தப்பட்டது. அந்த வேறொருவர் யார் என்று அது சொல்லவில்லை. நிற்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கணக்குப் பிரிவை நடத்தி வந்த ஆறுச்சாமி அவளை வரவேற்றார். ஐம்பதைத் தாண்டியவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர்.

"வாங்கம்மணி. மொதல்ல தண்ணி குடிங்க, வேலை எங்கயும் ஓடிப்போயிராது" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "முன்னெல்லாம் இப்படி நின்னதே இல்லீங்க. சின்னம்மணி ஆபீசுக்கு வர ஆரம்பிச்சதுக்கு அப்பறம்தான். நான் யாரையும் குத்தம் சொல்ல வரலீங்க. நடந்ததச் சொல்றேன்."

சின்னம்மணி என்று அவர் சொன்னது செங்கோட்டையனின் மருமகள் ரித்திகாவை. மூலை மேஜையில் உட்கார்ந்து எடைச்சீட்டுகளைப் பார்த்து ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். கணவன் கிருபாசங்கர் களத்தையும் துறைமுகத்தையும் பார்த்துக்கொண்டு பாதி நாள் வெளியிலேயே இருப்பவன். வீடு அதே காம்பவுண்டுக்குள், தென்னை வரிசைக்கு அந்தப் பக்கம்.

அன்றைக்கு மூன்றரைக்கு ஹர்ஷிணி சர்வர் முன்னால் தயாராக உட்கார்ந்தாள். ஜாப் தொடங்கியது, ஓடியது, முடிந்தது. ஒரு சிணுங்கலும் இல்லை.

"நீங்க இருந்தா ஓடுதுங்க" என்றார் ஆறுச்சாமி. "இங்கயே ஒரு டேபிள் போட்டுத் தந்தர்லாமுங்களா?"

மறுநாளும் வந்தாள். அன்றைக்கு ஜாப் பாதியில் நின்றது. பூட்டிக் கிடக்கும் பதிவுகளின் பட்டியலை உடனே திறந்தாள். ஒரே ஒரு ரசீது மட்டும் பூட்டியிருந்தது. அதைத் திறந்து வைத்திருந்தது 'ஸ்டோர் இரண்டு' என்ற லாகின்.

"அது யாருதுங்க?"

"வேலைய உட்டுப் போனவரோட லாகினுங்க" என்றார் ஆறுச்சாமி. "புதுசா ஒன்னு வாங்கோணும்னா தனியாக் காசு கட்டோணும், முதலாளி யோசிச்சாரு. அதனால சின்னம்மணி அதுலயே எழுதிட்டு இருக்கறாங்க."

ஹர்ஷிணி மூலை மேஜைக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறிக்கு அடியில் எடைச்சீட்டுகள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டுப் போயிருந்தாள் ரித்திகா. திரையில் ஒரு ரசீது பாதி எழுதப்பட்டு நின்றது. மில்லின் பெயர், லாரி நம்பர், எடை எல்லாம் இருந்தன. ஈரப்பதம் என்ற கட்டம் மட்டும் காலி.

கொஞ்ச நேரம் கழித்து ரித்திகா மூச்சு வாங்க வந்தாள். தன் இடத்தில் ஹர்ஷிணி நிற்பதைப் பார்த்ததும் நடை மெதுவானது.

"கொழந்தை அழுவறான்னு அத்தை போன் பண்ணுனாங்க. பசியாத்திட்டு ஓடி வந்தேன் மேடம். ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"

"இந்த ரசீத ஏன் மூடாமப் போனீங்க?"

"ஈரம் எவ்வளவுன்னு லேப்ல இருந்து இன்னும் வரலீங்க. அது இல்லாம சேவ் ஆகாது. மூடுனா எழுதுனது எல்லாம் அழிஞ்சிரும், மறுக்கா மொதல்ல இருந்து எழுதோணும். அதனால அப்படியே வெச்சுப்போட்டுப் போவேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் சி.ஏ. பரீட்சையில் நடுக்கட்டம் வரை தாண்டியவள். சொல்லிக்கொடுக்காமலே புரிந்தது. "இது தொறந்து கெடந்ததுதான் காரணமுங்களா?"

"ஆமா."

"இத்தனை நாளும்?"

"இன்னும் பார்க்கலை. பெரும்பாலும் இருக்கும்."

நேற்று ஏன் ஓடியது என்று கேட்டபோது பதில் சுலபமாகக் கிடைத்தது. நேற்று மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெகமத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். ரித்திகா இடத்தை விட்டு எழவில்லை.

அவள் உட்கார்ந்து, ஸ்டேப்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். ஆறுச்சாமி டீ குடிக்க வெளியே போகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"அக்கா, நீங்க எழுதற ரிப்போர்ட்ல எம் பேரு வருங்களா?"

மேடம் அக்காவாக மாறியதை ஹர்ஷிணி கவனித்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "லாகின் பேரு வரும்" என்றாள்.

"அது நாந்தான்னு எல்லார்த்துக்கும் தெரியுமுங்க." ரித்திகா திரையைப் பார்த்தபடி பேசினாள். "மாமாவுக்கு நான் ஆபீசுக்கு வரதுல அவ்வளவா இஷ்டமில்லீங்க. கொழந்தை நடக்கறவரைக்கும் ஊட்டுல இருக்கலாமல்லன்னாங்க. எங்க ஊட்டுக்காரர் பேசித்தான் சரின்னாங்க. ஊட்டுலயும் வேலை நிக்கக்கூடாது, ஆபீசுலயும் நிக்கக்கூடாது, அப்படின்னா வரட்டும்னு. இப்ப வண்டி நின்னதே என்னாலன்னா என்ன சொல்லுவாங்க?"

ஹர்ஷிணி திரையிலிருந்த ரசீதின் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

"நீங்க பொய் எழுத வேண்டாமுங்க. இதச் சொல்லாம உட்டாப் போதும். இனிமே நான் மூடிப்போட்டுத்தான் எந்திரிப்பேன். பிரச்சினையும் தீந்துருமல்லங்க?"

"நீங்க மூடுவீங்க. லேப்ல இருந்து தகவல் லேட்டா வர்ற வரைக்கும் வேற யாராச்சும் தொறந்து வெச்சுட்டு எந்திரிப்பாங்க" என்றாள் ஹர்ஷிணி. "அப்பவும் நிக்கும்."

ரித்திகா அடுத்த எடைச்சீட்டை எடுத்தாள்.

ஜாப்பை மறுபடி ஓடவிட்டு அன்றைய கணக்கை ஏற்றி முடித்ததும், ஹர்ஷிணி அந்த ஜாப்பின் புரோகிராமைத் திறந்து படித்தாள். ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஏதாவது ஒன்று யாரிடமாவது திறந்திருந்தால் கொஞ்சம் காத்திருக்கிறது. அப்புறம் மொத்த வேலையையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடி என்று எழுத அதிக நேரம் ஆகாது. யாரும் எழுதவில்லை. புரோகிராமின் தலையில், எழுதியவர் என்ற இடத்தில் வம்சியின் பெயர் இருந்தது.

வெளியே வந்து, லாரிகள் திரும்பும் இடத்துக்கு ஓரமாக நின்று அவனுக்குப் போன் செய்தாள். களத்தில் தூளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பழுப்பாகப் புழுதி எழுந்தது.

வம்சி முழுதும் கேட்டான். "அப்ப ஆள் ரொம்பக் கம்மி. ஒருத்தர்தான் ரசீது எழுதுவாங்கன்னு சொன்னாங்க. அவசரத்துல எழுதிக் குடுத்தது" என்றான். பிறகு, "யூசர் எர்ரர்னு போடுங்க. ஸ்கிரீனைத் தொறந்து வெச்சுட்டுப் போனாங்க, எப்படிப் பண்ணணும்னு சொல்லிக் குடுத்தாச்சு. முடிஞ்சுது."

"புரோகிராமையும் மாத்தணுங்க."

"மாத்தலாம். அதை அவங்க கேட்டா தனி வேலையா எடுத்துச் செய்யலாம். நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா கான்ட்ராக்ட் பேசும்போது அதையே எடுத்து வெப்பாங்க. நான் சொல்றது பொய்யில்லையே, ஹர்ஷிணி. விட்டுட்டுப் போனது அவங்கதானே."

பொய்யில்லைதான். ரித்திகா கேட்டதும் பொய்யில்லை. நடந்ததில் ஆளுக்கொரு பாதியை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. யார் மேலும் கோபம் வரவில்லை, சலிப்பாக இருந்தது. இந்த ஊருக்கே வந்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

எதைத் தேட வேண்டும் என்று இப்போது தெரிந்ததால், உள்ளே போய், ஜாப் நின்ற பழைய நாட்களை எடுத்து, ரசீதைத் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் ஒப்பிட்டு, மூன்றரைக்கு எந்த லாகின் எந்த ரசீதைத் திறந்து வைத்திருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நினைத்தபடி பெரும்பாலானவை ஸ்டோர் இரண்டு. ஒரு நாள் மட்டும் அப்படி இல்லை. அன்றைக்கு ஸ்டோர் இரண்டு உள்ளேயே வரவில்லை. அது குழந்தைக்குத் தடுப்பூசி போட பொள்ளாச்சிக்குப் போன நாள் என்று ரித்திகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று ரசீதைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போன லாகின் ஆறுச்சாமியுடையது.

அவர் டீ குடித்துவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஹர்ஷிணி ரிப்போர்ட்டை அங்கேயே எழுதினாள். நின்ற நாள் எல்லாவற்றையும், அதற்கு எதிரே லாகினையும் போட்டாள், எதையும் விடவில்லை. காரணம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கிளம்பினாள். கணபதிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, நாளை வம்சி என்ன சொல்வான் என்பதுதான் அதிகம் ஓடியது. வேறு இடத்தில் வேலை தேட வேண்டி வந்தால் தேடலாம், உடனே கிடைக்காது. பஸ் மாற உக்கடத்தில் இறங்குவதற்கு முன் போனிலேயே அந்த இடத்தை நிரப்பினாள்: ஒரு ரசீது திறந்திருந்தால் மொத்த வேலையும் நிற்கும்படி புரோகிராம் எழுதப்பட்டிருப்பதே காரணம், திருத்தம் எங்கள் பொறுப்பு. செங்கோட்டையனின் ஆபீசுக்கும் வம்சிக்கும் ஒன்றாகவே அனுப்பினாள்.

மறுநாள் காலை செங்கோட்டையனின் அறையில் கூடினார்கள். அவர் வெள்ளைச் சட்டையில், கையில் ரிப்போர்ட்டின் ஒரு பிரதியோடு உட்கார்ந்திருந்தார். ஆறுச்சாமி பக்கத்து நாற்காலியில். ரித்திகா உட்காரவில்லை. கதவோரம் நின்றாள்.

"சொல்லுங்க அம்மணி" என்றார் செங்கோட்டையன். "எனக்கு இந்த இங்கிலீசெல்லாம் படிச்சா மண்டைக்குள்ள ஏறாது. வாயில சொல்லுங்க."

ஹர்ஷிணி சொன்னாள். லாரி வருவது, லேப் தகவல் தாமதமாவது, சேவ் ஆகாதது, திறந்து கிடக்கும் ரசீது, ஜாப் நிற்பது. அவர் இடையில் பேசவில்லை. முடிந்ததும், "தொறந்து வெச்சுட்டுப் போனது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க மாமா" என்றாள் ரித்திகா. ஹர்ஷிணி வாயெடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "கொழந்தை அழுதான்னு ஊட்டுக்குப் போன நேரத்துல. இதனால நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் மருமகளைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் போன் அடித்தது. கேட்டில் நிற்கும் வண்டியைப் பற்றி யாரிடமோ, "இருக்கச் சொல்லுங்க, பில் வந்துட்டே இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குள் ஆறுச்சாமி தன் கையிலிருந்த பிரதியின் கடைசித் தாளில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"ஒரு நாள் எம்பட லாகினும் இருக்குதுங்க" என்றார் அவர்.

"என்ன?"

"சின்னம்மணி வராத அன்னைக்கு ரசீது நாந்தான் எழுதுனேன். அம்மாவுக்கு மூச்சுத் திணறுதுன்னு பக்கத்து ஊட்டுல இருந்து போன் வந்துச்சு. அப்படியே எந்திரிச்சுப் போயிட்டேன். சாயங்காலம்தான் திரும்பி வந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இவங்க வந்ததுக்கு அப்பறம்தான் நிக்குதுன்னு நாந்தான் சொல்லிட்டு இருந்தேனுங்க."

செங்கோட்டையன் தாளை மேஜையில் போட்டார்.

"அப்ப இது ஆள் தப்புங்களா, மிஷின் தப்புங்களா?"

"எழுதுன விதம் தப்புங்க" என்றாள் ஹர்ஷிணி. "அதை எழுதுனது எங்க கம்பெனிங்க. ஆபீஸ்னா ஒருத்தர் எந்திரிச்சுப் போகத்தான் செய்வாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி எழுதியிருக்கணும்."

"இப்படிச் சொல்லச் சொல்லி உங்க ஆபீசுல சொல்லி உட்டாங்களா?"

"இல்லைங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஹர்ஷிணிக்குத் தெரியவில்லை. "சரி, திருத்திக் குடுங்க" என்றார். ஆறுச்சாமியிடம், "அதுவரைக்கும் மத்தியானம் நீங்க போயி எல்லா சீட்டுலயும் மூடச் சொல்லிப் போடுங்க" என்றார். கடைசியாக ரித்திகாவிடம், "திருத்தி முடிக்கிற வரைக்கும் நீ மத்தியானம் சாப்பாட்டோட ஊட்டுக்குப் போயிரு கண்ணு" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ரித்திகா சரிங்க மாமா என்றாள். வெளியே வந்து ஹர்ஷிணியைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டைப் படித்த அன்றே வம்சி அவளைக் கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. "நீங்க நமக்கு வேலை பார்க்கறீங்களா, அவங்களுக்கா?" என்று கேட்டான்.

"நிக்கிறதை ஓட வைக்கத்தான அனுப்புனீங்க."

"சரி. திருத்தத்தை நீங்களே எழுதுங்க. இதுக்குன்னு மத்த வேலையைத் தள்ளி வைக்க முடியாது."

மற்ற வேலைகளோடு அதையும் எழுதினாள். இரண்டு மாற்றம். திறந்திருக்கும் ரசீதை விட்டுவிட்டு மற்றதை ஜாப் ஏற்றிவிட்டு, விட்டது எது என்று ஆபீசுக்கு மெயில் அனுப்பும். ஈரப்பதம் இல்லாமலும் ரசீதைப் பாதியில் சேமித்து வைக்கலாம். தலையில் வம்சியின் பெயருக்குக் கீழே, திருத்தியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். வேலை செய்கிற எல்லோரும் போடுவதுதான்.

பொருத்துவதற்காக மறுபடி கிணத்துக்கடவு போனபோது, ரித்திகா மூலையில் இருந்தாள். வாங்க என்று மட்டும் சொன்னாள். மேடமும் இல்லை, அக்காவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானவளை ஹர்ஷிணி நிறுத்தினாள்.

"இன்னைக்கு மூணரை வரைக்கும் இருங்க. டெஸ்ட் பண்ணணும்."

"நான் எதுக்குங்க?"

"ஒரு ரசீதைத் தொறந்து பாதி எழுதுங்க. மூடாதீங்க. அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

ரித்திகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாலுமே போகோணுங்களா? இங்கயே உக்காந்திருந்தாலும் தொறந்துதான இருக்கும்?"

ஹர்ஷிணி ஒரு கணம் யோசித்தாள். அவள் சொல்வது சரிதான். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜாப்புக்கு ஒன்றுதான். "போயிட்டே வாங்க" என்றாள்.

மூன்றரைக்குச் சற்று முன் ரித்திகா எழுந்தாள். ஆறுச்சாமி வழக்கப்படி எல்லா மேஜைக்கும் போய் மூடச் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த மேஜையில் திறந்து கிடந்த ரசீதைப் பார்த்து நின்றார். "இது கெடக்கட்டுங்களா?" என்று ஹர்ஷிணியிடம் கேட்டார். கிடக்கட்டும் என்றாள். ஜன்னல் வழியாக ரித்திகா தென்னை வரிசையைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்து போவது தெரிந்தது. ஓடவில்லை.

ஜாப் தொடங்கியது. அந்த ரசீதுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கியது. பிறகு தாண்டிப் போய் மற்றதை எல்லாம் ஏற்றி முடித்தது. ஆறுச்சாமியின் கம்ப்யூட்டரில் மெயில் வந்து விழுந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். "அட" என்றார், அவ்வளவுதான். எழுந்து செங்கோட்டையன் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது, "புது லாகின் ஒன்னு வாங்கச் சொல்லிட்டாருங்க, சின்னம்மணி பேர்ல" என்றார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ரித்திகா முழுநாளும் ஆபீசில் இருந்தாள் என்று ஆறுச்சாமி மூலம் ஹர்ஷிணிக்குத் தெரிந்தது. கான்ட்ராக்டை ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்காமல் அரை வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். அதைப் பற்றி வம்சி அவளிடம் பேசவில்லை. கிணத்துக்கடவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மதுக்கரையில் சிமென்ட் ஏற்றும் லாரி கம்பெனி ஒன்றை அவளிடம் கொடுத்தான். அங்கே டீசல் கணக்கு ஒத்துப்போகவில்லை. அவள் அதைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான் ரித்திகா பேசறேனுங்க. வருஷக் கடைசி இருப்ப முடிக்கறதுல ஒரு சந்தேகம்."

"இப்ப அதை நான் பார்க்கறதில்லைங்க. ஆபீஸ் நம்பருக்குத்தான் கூப்பிடணும்."

"தெரியுங்க. கூப்பிட்டேன், நாளைக்குச் சொல்றேன்னாங்க."

ஹர்ஷிணி முன்னால் இருந்த டீசல் கணக்கைச் சேமித்துவிட்டு, "சொல்லுங்க, என்ன காட்டுது?" என்று கேட்டாள்.